ஞாயிறு இரவுப் பேச்சு முடிந்தால் தூக்கம் வரவில்லை, என்ன செய்ய?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது வயது 36. ஒருத்தி சிங்கப்பூரில், ஒருத்தி பெங்களூரில், மற்ற மூவர் தமிழ்நாட்டில். ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப் வீடியோ காலில் கூடி, அந்த வாரம் எப்படிப் போனது என்று மனம்விட்டுப் பேசுகிறோம். "நடிக்கக் கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்லணும்" என்பது மட்டும்தான் விதி. முதலில் மனசு லேசாக இருந்தது. இப்போது ஒருத்தி மாமியார் கதையை முக்கால் மணி நேரம் சொல்கிறாள். வாராவாரம் அதே கதை. சிங்கப்பூரில் இருப்பவள் "எல்லாம் ஓகேடி" என்பதோடு சரி. போன மாதம் என் கணவரின் வேலை பற்றி நான் சொன்னது, தோழி ஒருத்தியின் கணவர் வழியாக என் கணவர் காதுக்கே வந்துவிட்டது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. அவர்களிடம் சொல்லவே தோன்றவில்லை. பேசி முடித்துப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. விலகிவிடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்கு விலக வேண்டாம். இதே முறையில் தொடரவும் வேண்டாம்.

நீங்கள் வைத்திருக்கும் ஒரே விதி, சொல்கிறவளுக்கானது. கேட்கிற நான்கு பேருக்கு ஒரு விதியும் இல்லை. எவ்வளவு நேரம், எந்தக் கேள்விக்குப் பதில், கேட்டபின் என்ன செய்வது, கேட்டதை எங்கே நிறுத்துவது, எதுவும் பேசி வைக்கவில்லை. அப்படி விட்டால் எந்த நட்பு வட்டத்திலும் நான்கைந்து மாதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் நடக்கும்: பேசத் தெரிந்தவள் நேரத்தை எடுத்துக்கொள்வாள், தயங்குகிறவள் ஒதுங்குவாள், நல்ல செய்திக்கு இடமில்லாமல் போகும், ஒரு ரகசியம் வெளியே போகும். உங்கள் தோழிகள் யாரும் மோசமானவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இங்கே இரவு 9 என்றால் சிங்கப்பூரில் 11.30. முக்கால் மணி நேர மாமியார் கதை முடிந்து அவளுடைய முறை வரும்போது அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். மறுநாள் வேலை நாள். அந்த நேரத்தில் "எல்லாம் ஓகேடி" என்பதைத் தவிர வேறு எதை எதிர்பார்க்க முடியும்? அவள் மனம் திறக்காதவள் என்று முடிவுகட்டுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இங்கிருப்பவர்களுக்கும் ஞாயிறு இரவு தோதான நேரமில்லை. மாவு அரைத்தாயிற்றா, பிள்ளைகளின் சீருடை இஸ்திரி ஆயிற்றா, காலையில் டிபன் டப்பாவுக்கு என்ன என்று திங்கட்கிழமை தலைக்குள் நுழைந்துவிட்டிருக்கும். அப்போது வாரத்தைத் திரும்பிப் பார்த்தால் எல்லாமே பாரமாகத்தான் தெரியும். தூங்கப்போகும் கடைசி ஒரு மணி நேரத்தில் நான்கு பேருடைய கவலையைக் காதில் வாங்கிக்கொண்டால் உங்களுக்குத் தூக்கம் வராததும் இயல்புதான்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு மாற்றுங்கள். சிங்கப்பூரில் அப்போது 6.30. 5 மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்லி, 5 மணிக்கு முடித்தும் விடுங்கள். முடிகிற நேரம் தெரியாத பேச்சில் யாரும் முக்கியமானதை முதலில் எடுப்பதில்லை, இழுத்துக்கொண்டே போவார்கள்.

அந்த 60 நிமிடத்தைப் பிரிக்கும் கணக்கு இது. தொடக்கத்தில் 5 நிமிடம், எல்லாரும் வந்து சேர, கலாட்டா செய்ய. பிறகு ஆளுக்கு 9 நிமிடம், ஐந்து பேருக்கு 45. கடைசி 10 நிமிடம் பொதுப் பேச்சு. அந்த 9 நிமிடத்தில் 5 நிமிடம் அவள் மட்டும் பேச வேண்டும், குறுக்கே யாரும் வரக் கூடாது. மீதி 4 நிமிடம் மற்றவர்கள் அவளுக்குத் தரும் பதிலுக்கு. 5 நிமிடம் குறைவு என்று தோன்றும். தடையில்லாமல் ஒருத்தி 5 நிமிடம் பேசினால் ஏறக்குறைய 500 சொல் வரும். ஒரு வாரத்தில் நடந்த ஒன்றிரண்டு விஷயத்தைச் சொல்ல அது தாராளம். போனில் டைமர் வையுங்கள். வாரம் ஒருத்தி டைமர் பிடிக்கட்டும். ஒரே ஆள் எப்போதும் பிடித்தால் அவள் விடுதி வார்டன் ஆகிவிடுவாள். பேசும் வரிசையையும் சுழற்ற வேண்டும். இந்த வாரம் முதலில் பேசியவள் அடுத்த வாரம் கடைசியில்.

யாருக்காவது ஒரு வாரம் நிஜமாகவே கூடுதல் நேரம் தேவைப்படும். வீட்டில் ஆஸ்பத்திரி, வேலை போயிற்று, இப்படி. அன்று அவள் தொடக்கத்திலேயே "எனக்கு இன்னிக்கு இருபது நிமிஷம் வேணும்டி" என்று கேட்கலாம், மற்றவர்கள் சுருக்கிக்கொள்ளலாம். கேட்டு வாங்கிய இருபது நிமிடம் யாரையும் உறுத்தாது. கேட்காமல் எடுத்துக்கொண்ட முக்கால் மணி நேரம்தான் உறுத்துகிறது.

அடுத்து, என்ன சொல்வது. "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு "பரவாயில்ல" அல்லது "ரொம்ப மோசம்" என்ற இரண்டே பதில்தான் வரும். அதுவும் பெரும்பாலும் கடைசி இரண்டு நாளைப் பற்றிய பதிலாக இருக்கும். ஒரு அனுபவத்தை நினைவுகூரும்போது அதன் உச்சக் கணமும் முடிவும்தான் மற்றதை மூடிக்கொண்டு நிற்கும் என்பதை உளவியலாளர் டேனியல் கானமேனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-ல் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொல்லி நடத்திய சோதனையில் காட்டினார்கள். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் ஒரு சண்டை என்றால், செவ்வாய்க்கிழமை மகள் தானாகத் தலைபின்னிக்கொண்டு வந்து நின்றது நினைவிலேயே இருக்காது.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வீட்டில் தினசரி காலண்டர் கிழிக்கிறீர்கள் அல்லவா, கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய நாளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி ஒரு கிளிப்பில் மாட்டி வையுங்கள். வெற்றுத்தாளாக இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதினால் போதும், போனில் குறித்துக்கொண்டாலும் சரி. வரி என்றால் நிகழ்ச்சி. உணர்ச்சியின் பெயர் வேண்டாம். "டென்ஷன்" என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து ஒன்றும் நினைவுக்கு வராது. "மேனேஜர் மீட்டிங்ல என் பேரைச் சொல்லாம விட்டாரு" என்று எழுதினால் முழுதும் திரும்பி வரும். ஞாயிறு மதியம் ஏழு தாளையும் விரித்து இரண்டை மட்டும் எடுங்கள்: ஒன்று நெருடியது, இன்னொன்று நன்றாக இருந்தது. இந்த இரண்டைத்தான் பேச வேண்டும். விருப்பமிருந்தால் மூன்றாவதாக ஒன்று: இந்த வாரம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது. இதை வாராவாரம் கட்டாயமாக்காதீர்கள். ஆக்கினால் எதையாவது புனைந்து சொல்ல ஆரம்பிப்பார்கள்.

உண்மையாகப் பேசுவது என்றால் பெரிய ரகசியத்தை எடுத்து வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தெரிவது விவரத்தில். "பசங்களோட தினமும் போராட்டமா இருக்குடி" என்பது எந்த வீட்டுக்கும் பொருந்துகிற பேச்சு. கேட்பவர்கள் "ஆமாடி, இங்கயும் அதேதான்" என்று நகர்ந்துவிடுவார்கள். அதையே இப்படிச் சொன்னால்: "வியாழக்கிழமை ராத்திரி பத்து மணி. பாத்திரம் தேய்ச்சு கவுத்துட்டு திரும்பினா, மேடை மேல அவன் கணக்கு நோட்டு. நாளைக்கு டெஸ்ட், இன்னும் தொடவே இல்ல. எழுப்பி உக்கார வெச்சு கத்திட்டேன். அவன் அழலடி, தூக்கத்துல பென்சிலை எடுத்து சீவ ஆரம்பிச்சான். அதைப் பாத்ததும் எனக்கு என்னவோ ஆயிடுச்சு." இதில் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது. பென்சில் சீவியதைப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பார்கள், அவளுக்கே அப்போதுதான் அது விளங்கும். ஒரு நாள், ஒரு இடம், ஒரு நிமிடம் என்று சுருக்கச் சுருக்க உண்மை கூடுகிறது. முழு வாரத்தையும் அள்ளிக்கொண்டு வந்தால் புலம்பல்தான் கூடும்.

இனி கேட்பவர்கள் பக்கம். என் கணிப்பில் உங்கள் வட்டத்தின் கோளாறில் முக்கால் பங்கு இங்கேதான்.

பேசத் தொடங்கும் முன் அவள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: "கேட்டா மட்டும் போதும்" அல்லது "யோசனையும் வேணும்". அவள் மறந்தால் டைமர் பிடிப்பவள் கேட்கட்டும். அழுதுகொண்டிருப்பவளுக்கு வக்கீல் முகவரி கொடுப்பதும், முடிவெடுக்கத் திணறுபவளுக்கு "நீ ஸ்ட்ராங்டி" என்று சொல்லி அனுப்புவதும் இந்த ஒரு கேள்வியால் நின்றுவிடும்.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளில் அதிகம் பார்ப்பது, தன் கதையால் மூடுவது. "எனக்கும் அப்படித்தான், போன வாரம் எங்க மாமியார்..." என்று ஆரம்பித்தால் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைப்போம். பேசிக்கொண்டிருந்தவளின் நேரம் அத்தோடு முடிந்துபோகிறது. தன் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பேச்சை அவளிடமே திருப்ப வேண்டும். "விடுடி, எல்லாம் சரியாயிடும்" என்பதும் இந்த வகைதான். அவள் வாயை அடைத்ததாகத்தான் முடியும். "ஏன் அப்படிச் செஞ்சே?" என்ற கேள்வியைத் தவிருங்கள். "ஏன்" என்று கேட்டதும் யாராக இருந்தாலும் தன் பக்க நியாயத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?", "அந்த நேரத்துல உனக்கு எப்படி இருந்துச்சு?", "இதுல எது உன்ன ரொம்ப உறுத்துது?" என்ற கேள்விகள் போதும். அவள் சொன்னதில் ஒரு விவரத்தைத் திரும்பச் சொன்னால் நீங்கள் கவனித்தது தெரியும். அவள் நிறுத்தினால் உடனே பாயாமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். முக்கியமான வாக்கியம் பல நேரம் அந்த ஐந்துக்குப் பிறகுதான் வருகிறது. வீடியோ காலில் சத்தம் சற்றுத் தாமதமாக வருவதால் அந்த இடைவெளி இன்னும் அவசியம். இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் "நீ சொல்லு, நீ சொல்லு" என்று நின்றுவிடுவார்கள்.

இன்னொரு தவறு மெதுவாகத்தான் வெளியே தெரியும், சேதமும் அதிகம். ஒருத்தி கணவனைப் பற்றிக் குறை சொல்லும்போது மற்ற நான்கு பேரும் சேர்ந்துகொண்டு அவனைத் திட்டுவது. "அவனோட எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ!" அந்த நேரத்தில் அவளுக்கு அது தெம்பாக இருக்கும். புதன்கிழமை அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிடும். அடுத்த ஞாயிறு அவன் காய்ச்சலில் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பதை அவளால் சொல்ல முடியாது. நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதன்பின் அவள் வீட்டுப் பேச்சையே எடுக்க மாட்டாள், அல்லது குறையை மட்டுமே எடுத்துவருவாள். ஆளைப் பற்றி எதுவும் சொல்லாமல் நடந்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள். "அவர் அப்படிச் சொன்னது உனக்கு வலிச்சிருக்கும்" என்றால் அவளுக்குத் துணை நின்ற மாதிரியும் இருக்கும், அவள் திரும்பிப் போக வழியும் இருக்கும். அடி, உதை, மிரட்டல் என்றால் இந்த நாசூக்கு எதுவும் வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது மாமியார் கதை. ஒரே பிரச்சினையை நண்பர்கள் சேர்ந்து திரும்பத் திரும்பப் பேசி, அதன் எரிச்சலிலேயே ஊறிக்கிடப்பதை அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-ல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார். அப்படிப் பேசுகிறவர்களிடையே நெருக்கம் கூடியிருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கூடவே கூடியிருந்தன. இதில் மாட்டிக்கொள்வது சுலபம் என்பதற்குக் காரணமே அந்த நெருக்கம்தான். பேசும்போது ஒட்டுதலாக இருக்கிறது. பேசி முடித்தபின் எல்லாருக்கும் கனக்கிறது. உங்கள் ஞாயிறு இரவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதும் இதைத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே கதை மூன்றாவது வாரமும் வருகிறது, புது விவரம் ஒன்றுமில்லை, வாக்கியங்கள்கூட மாறவில்லை என்றால் அது சுழல ஆரம்பித்துவிட்டது. அப்போது அனுதாபத்தைக் கூட்டக் கூடாது, கேள்வியை மாற்ற வேண்டும். "போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவுல என்ன மாறுச்சு?" ஒன்றுமில்லை என்றால், "இதுல உன் கையில இருக்கறது எது?" மாமியாரின் குணம் அவள் கையில் இல்லை. காலை ஏழு மணிக்கு அடுப்படி யாருடையது என்பதைக் கணவனிடம் பேசுவது அவள் கையில் இருக்கிறது. அடுத்த ஞாயிறுக்குள் அவ்வளவு சிறியதாக ஒன்று, அவள் வாயாலேயே வர வேண்டும். நீங்கள் எடுத்துக்கொடுத்தால் அது செய்யப்படாது. "நீங்க சொன்னதைச் செஞ்சேன், ஒண்ணும் ஆகல" என்று உங்கள் மேலேயே திரும்பும். அடுத்த வாரம் அவள் அதைச் செய்யாமல் வந்தாலும் கண்டிக்காதீர்கள். எது தடுத்தது என்று கேளுங்கள், அதுவே புது விவரம்.

ஒரு எச்சரிக்கை. மாறவே முடியாத துன்பங்கள் உண்டு: மறதி நோயில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது, இறந்துபோன குழந்தை, தீராத வியாதி. அங்கே "என்ன மாறுச்சு?" என்று கேட்பது கொடுமை. துக்கத்தை ஒருத்தி ஐம்பது தடவை சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வாள், கவனித்தால் தெரியும்.

இந்த மாற்றத்தை அவளிடம் யார், எப்படிச் சொல்வது? குரூப்பில் சொல்லாதீர்கள். நான்கு பேர் முன்னால் "நீ ரொம்ப நேரம் பேசுற" என்று கேட்டால் அவள் அடுத்த வாரம் வர மாட்டாள். தனியாகப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், எழுத்தில் எல்லாமே குத்தலாகத் தெரியும். "உன் வீட்டு விஷயத்தை நாங்க சரியா கேக்கலையோன்னு தோணுதுடி. அஞ்சு மாசமா பேசுறோம், உனக்கு ஒண்ணும் சுலபமான மாதிரி தெரியல. முறையை மாத்திப் பாப்போமா?" இதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கு உதவவில்லை என்பது உண்மைதான்.

உங்கள் பதவி உயர்வுக்கு வருவோம். அதை மறைத்தது உங்கள் கடிதத்திலேயே கவலைப்பட வேண்டிய வரி. நெருடலை மட்டும் சொல்லலாம், சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது என்றால் உள்ளதை உள்ளபடி சொல்வது எங்கே இருக்கிறது? நல்ல செய்தியை நெருங்கியவர்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்கும் உறவின் உறுதிக்கும் தொடர்பு இருப்பதை உளவியலாளர் ஷெல்லி கேபிளும் சக ஆய்வாளர்களும் 2004-ல் காட்டினார்கள். ஆர்வமாக, விவரம் கேட்டு வாங்கிக்கொள்வது ஒரு வகை. "ம், நல்லது" என்று மெல்ல வாங்கிக்கொள்வது, கேட்டும் கேளாததுபோல் வேறு பேச்சுக்குப் போவது, "அப்ப வேலை கூடிடுமே, பிள்ளைகளை யார் பாத்துப்பா?" என்று குறையைத் தேடுவது ஆகியவை மற்ற மூன்று. முதல் வகைதான் உறவுக்கு நல்லது. நம் ஊரில் ஐந்தாவது வகை ஒன்றைச் சேர்க்கலாம்: "ட்ரீட் எப்போ?" கேலியாக, அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்வியோடு பேச்சு ஹோட்டல் பெயருக்குப் போய்விடும். பதவி உயர்வு எப்படி வந்தது, அதற்காக எதைத் தாங்கிக்கொண்டாள், யார் முதலில் சொன்னார்கள் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ட்ரீட்டைக் கடைசி 10 நிமிடத்துக்கு ஒத்திவையுங்கள். கண் படும் என்று நினைப்பவர்கள் வட்டத்தில் இருந்தால் அதோடு வாதம் செய்ய வேண்டாம். விஷயம் உறுதியான பிறகு சொல்கிறேன் என்றால் விட்டுவிடலாம்.

மாற்றிய முறையில் நடக்கும் முதல் ஞாயிறிலேயே உங்கள் பதவி உயர்வைச் சொல்லுங்கள். கூடவே, மூன்று வாரம் ஏன் சொல்லத் தோன்றவில்லை என்பதையும். அது அவர்களுக்குச் சற்றுச் சுடும், பரவாயில்லை.

வெளியே போன ரகசியம். இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நான் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரிகிறது. அவளிடம் தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நான் சொன்னது உங்க வீட்டுக்காரர் வழியா எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. எனக்கு ரெண்டு நாள் வீட்ல சங்கடமா போச்சு. இனிமே நம்ம பேச்சு உன்னோட நிக்கணும்." நிறுத்திவிட்டு அவள் பேசட்டும். "நான் அவர்கிட்ட எதையும் மறைக்கிறதில்ல" என்று சொன்னால், அது அவளுடைய விஷயங்களுக்குப் பொருந்தும், உங்கள் விஷயத்துக்குப் பொருந்தாது என்று நேராகவே சொல்லலாம். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. கணவனிடம் சொல்வதை வெளியே சொல்வதாகவே பலர் நினைப்பதில்லை. ஆகவே ஐவரும் சேர்ந்து வாய்விட்டே பேசி முடிவெடுங்கள்: வீட்டுக்காரர் உட்பட யாரிடமும் சொல்வதில்லை, சொல்ல வேண்டுமானால் சொன்னவளிடம் கேட்டுவிட்டு. நீங்களும் ஒன்று செய்யலாம். கணவரின் வேலை அவருடைய விஷயம். அதைப் பேசும்போது நிறுவனம், பதவி, தொகை, மேலதிகாரி பெயர் எதையும் எடுக்காமல் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பேசினால், கசிந்தாலும் கசிவதற்கு அதிகம் இருக்காது.

போன் வழியாகக் கசிவதும் உண்டு. வீட்டு லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, வேண்டாததை நீக்குங்கள். வாய்ஸ் மெசேஜ் காரின் ப்ளூடூத்தில் குடும்பத்தோடு ஒலித்த வீடுகள் எத்தனையோ. ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக் கேட்டால் ஸ்பீக்கரில் வராது. குரூப்பில் மறையும் செய்திகளுக்கு 7 நாள் என்று வைக்கலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது, அந்தப் படம் குடும்பத்துக்குப் பொதுவான போட்டோ கணக்கில் போய் உட்காரவும் செய்யும். பெயரும் ஊரும் உள்ள விஷயத்தை எழுத்தில் போடாமல் இருப்பதே மேல்.

ஐந்து பேருக்கும் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாலில் மாமனார் டிவி பார்க்கும் வீட்டில் ஒருத்தியிடம் "மனசு விட்டுப் பேசு" என்றால் எங்கே பேசுவாள்? இயர்போன் போட்டாலும் அவள் சொல்வது வெளியே கேட்கும். மொட்டை மாடி, நிறுத்திய கார், நடைப்பயிற்சி எதுவாவது சரிப்படுமா பாருங்கள். வீடியோவை அணைத்துக் குரலில் மட்டும் பேசுவது பலருக்கு இன்னும் சுலபம். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேச வேண்டாம். ஒரு அடையாளச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு ஹால்ல இருக்கேன்" என்றால் அன்று அவள் கேட்பாள், பேச மாட்டாள், யாரும் வற்புறுத்தக் கூடாது. சிங்கப்பூர்த் தோழி நேரம் மாறிய பிறகும் சுருக்கமாகவே பேசினால் அதுவும் அவள் உரிமைதான். கேட்டுக்கொண்டிருப்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

பணம் பற்றி ஒரே வரி: அந்த ஒரு மணி நேரத்தில் கைமாற்று, சீட்டு, இன்சூரன்ஸ், புடவை வியாபாரம் எதுவும் கூடாது. கடன் பாக்கி இருக்கும் இடத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

நட்பு வட்டத்தால் தாங்க முடியாதவையும் உண்டு. ஒருத்தி இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி சோர்ந்தே இருக்கிறாள், தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகிவிட்டன, பிடித்ததில்கூட நாட்டமில்லை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" மாதிரிப் பேச்சு வருகிறது என்றால், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அன்றே தனியாகப் பேசி, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்காவிட்டால்தான் அவள் அதோடு தனியாக இருப்பாள். ஆம் என்றால் அவளைத் தனியாக விடாமல் வீட்டில் நம்பகமான ஒருவருக்குத் தெரிவியுங்கள். இந்த இடத்தில் ரகசியம் காக்கும் விதி செல்லாது, அதையும் முதல் நாளிலேயே எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சிங்கப்பூரில் 1767. உடனடி ஆபத்து என்றால் இங்கே 112. வீட்டில் அடிக்கிறார்கள் என்றால் 181 பெண்கள் உதவி எண்; 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அங்கே தோழிகள் வேலை, கூடப் போய் நிற்பது.

தொடங்குவதற்கு, முதலில் மாமியார் கதை சொல்பவளிடமும் ரகசியத்தை வெளியே சொன்னவளிடமும் தனித்தனியாகப் பேசி முடியுங்கள். அப்புறம் குரூப்பில் இவ்வளவு போட்டால் போதும்: "ஏய், நம்ம ஞாயித்துக்கிழமையை நாலு மணிக்கு மாத்தலாமா? அவளுக்கு அங்க பாதி ராத்திரி ஆயிடுது. ஆளுக்கு அஞ்சு நிமிஷம், டைமர் வெச்சு. ஆறு வாரம் பாப்போம், பிடிக்கலன்னா பழையபடி." ஆறு வாரம் என்று சொல்வதில் காரணம் உண்டு. முதல் இரண்டு வாரம் டைமர் செயற்கையாகத் தெரியும், சிரிப்பு வரும். மூன்றாம் வாரம் யாராவது "இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்பார்கள். நான்காவதில்தான் பழகும். யாராவது ஒருத்தி வர முடியாவிட்டால் நடத்துங்கள், மூன்று பேருக்குக் கீழே போனால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

அதுவரை திங்கட்கிழமை காலையில் காலண்டர் தாளில் கூடுதலாக ஒரு எண் எழுதி வையுங்கள்: நேற்றுப் பேசியபின் மனசு எப்படி, 1 முதல் 5 வரை, 1 என்றால் கனம், 5 என்றால் லேசு. ஆறு திங்கட்கிழமையில் நான்கு தடவை 2 அல்லது அதற்குக் கீழே வந்தால் வாராந்திரப் பேச்சு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது விலகுவதென்றால் சண்டையோ விளக்கமோ தேவையில்லை: "எனக்கு வாராவாரம் முடியலடி, மாசத்துல முதல் ஞாயிறு மட்டும் வரேன்." அவர்களில் யாரோடு தனியாகப் பேசினால் உங்களுக்கு மனசு லேசாகிறதோ, அவளை மட்டும் அவ்வப்போது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.